‘பாரசைட்’ விமர்சனங்களில் எதை எடுப்பது, எதை விடுவது? (கிளிநொச்சித் திரையிடலுக்கு முன்)

#1 குளக்கட்டு

அடுத்த மாதம் கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு கொரிய இயக்குநர் பொங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ திரையிடுகிறோம். சியோலில் நிலக்கீழ் அறையில் இருக்கும் கி-தெக் குடும்பம், உறவை மறைத்துக்கொண்டு பணக்கார பார்க் வீட்டில் ஒவ்வொருவராக வேலைக்குச் சேரும் கதை. நாடகமும் அரங்கியலும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கிற பிள்ளைகள். பார்த்து முடிய ஆளுக்கொரு விமர்சனம் எழுத வேண்டும். அதற்காக இதுவரை வந்த விமர்சனங்களைத் திரட்டிப் பார்த்ததில் எனக்கு நிறைவில்லை.

2019 மே மாதம் கான் விழாவில் நடுவர் குழு ஒருமனதாகத் தங்கப்பனை கொடுத்தது. 2020 பெப்ரவரியில் நான்கு ஒஸ்கார்: சிறந்த படம், இயக்கம், மூலத் திரைக்கதை, சர்வதேசப் படம். ஆங்கிலமல்லாத மொழிப் படமொன்று சிறந்த படத்துக்கான ஒஸ்காரை வாங்கியது அதுவே முதல் தடவை. விருதைப் பற்றி எழுதியது குவிந்து கிடக்கிறது. படத்தைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி ‘மேல்–கீழ், படிக்கட்டு, குறியீடு’ என்ற ஒரே தடத்தில் போகிறது. எதிர்த்து எழுதியவர்களிடம் இரண்டு குற்றச்சாட்டு இருக்கிறது. ஏழையை ஏழையோடு மோதவிட்டுப் பணக்காரரைச் சும்மா விட்டுவிட்டார் என்பது ஒன்று. மாற்றத்துக்கு ஒரு வழியும் காட்டவில்லை என்பது மற்றது.

பிள்ளைகளுக்கு இதில் எதைக் கொடுக்கலாம்? முடிவு வரைக்கும் கதைப்போம், படம் பாராதவர்கள் இந்த இழையைப் பிறகு வாசிக்கவும்.

#2 நெடுங்கேணி வாசகி

அண்ணை, படிக்கட்டை விட்டுவிட்டுக் காசைப் பின்தொடரச் சொல்லுங்கோ. இந்தப் படத்தில் காசு எங்கெல்லாம் கைமாறுகிறதோ அங்கெல்லாம் ஒரு செய்தி இருக்கிறது. விமர்சகர்கள் பாதிப்பேர் அதைக் கவனிக்கவே இல்லை.

முதல் பத்து நிமிடத்தில் குடும்பமே இருந்து பீட்சாப் பெட்டி மடிக்கிறது. நாலில் ஒன்று சரியில்லை என்று சொல்லிக் கூலியில் பத்து வீதம் வெட்டுகிறாள் அந்தப் பெண். பெட்டிக் கணக்கில் கூலி, பிழைக்குத் தண்டம், எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. துண்டு வேலைக்குப் போகிற எந்த வீட்டிலும் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது கடித உறை. மகன் கி-வூ முதல் நாள் பாடம் சொல்லிக்கொடுத்து முடித்ததும் பார்க் வீட்டு அம்மா காசு உறையைக் கொண்டு வருகிறா. கொடுப்பதற்கு முன் உள்ளிருந்து சில தாள்களை எடுத்துக்கொள்கிறா. பிறகு, முன்னைய ஆசிரியருக்குக் கொடுத்த அளவுதான், விலைவாசிக்காகக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன் என்று முகம் மலரச் சொல்கிறா. ஒருத்தரையும் ஏசவில்லை, ஒருத்தரையும் அடிக்கவில்லை. பணக்காரரைச் சும்மா விட்டுவிட்டார் என்று எழுதியவர்கள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. சில விநாடிதான். நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கோ.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது கேக் கடை. தகப்பன் கி-தெக்கும், பார்க் வீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் மனிதனும் (பழைய வேலைக்காரியின் புருஷன்), இரண்டு பேருமே தைவான் காஸ்டெல்லா கேக் கடை போட்டு விழுந்தவர்கள். கொரியாவில் அந்தக் கேக் ஒரு காலம் அலைபோல் பரவியது. 2017 இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, மாவில் எண்ணெய் கூட என்று காட்டியதோடு கடைகள் வரிசையாக மூடப்பட்டன. ஆகவே இவர்கள் பரம்பரை ஏழைகள் இல்லை. சேமிப்பையும் கடனையும் போட்டுச் சிறுகடை நடத்தி, ஒரே அடியில் கீழே போனவர்கள். அடியில் இருப்பவன் ஒளிந்திருப்பது கடன்காரருக்குப் பயந்து. இந்த விவரம் தெரியாத வெளிநாட்டு விமர்சனங்கள் ‘ஏழைகள்’ என்ற ஒரே சொல்லில் கடந்து போயின. வாரக்கடன்காரர் வரும் நாளில் படலையைச் சாத்திவிட்டு இருக்கும் வீடுகள் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் எத்தனை. 2018 இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனை அரசே தள்ளுபடி செய்ய முன்வந்தது ஏன் என்று தெரிந்த பிள்ளைக்கு அந்த மனிதனின் பயம் உடனே விளங்கும்.

#3 முறிகண்டிச் சந்தி

‘மின்சார கண்ணா’ கதை வராமல் இந்தக் கலந்துரையாடல் முடியாது, அதனால் நானே கொண்டு வருகிறேன். 2020 பெப்ரவரியில், ஒஸ்கார் கிடைத்த கையோடு, தமிழ்ப் படத் தயாரிப்பாளர் பி.எல். தேனப்பன் அந்த 1999 படத்திலிருந்து எடுத்ததென்று வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். ஒரு குடும்பம் உறவை மறைத்துக்கொண்டு பணக்கார வீட்டில் ஒவ்வொருவராக வேலைக்குச் சேர்வது இரண்டிலும் இருக்கிறது, உண்மை. பிள்ளைகளில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

#4 நெடுங்கேணி வாசகி

கேட்கட்டும், நல்ல பயிற்சி. அதில் விஜய் ஏற்ற பாத்திரம் தானே பெரும் பணக்காரன், காதலுக்காக வேலைக்காரனாக நடிக்கிறான். கல்யாணத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடும், திரும்பிப் போக வீடும் காசும் இருக்கு. ‘பாரசைட்’ குடும்பத்துக்குச் சம்பளம்தான் நோக்கம், திரும்பிப் போக இருப்பது அந்த நிலக்கீழ் அறை. உத்தி ஒன்று, அதன் பின்னால் இருக்கும் தேவை வேறு. சட்டத்திலும் கரு யாருக்கும் சொந்தமில்லை, அதைக் காட்சியாகவும் உரையாடலாகவும் எழுதிய விதத்துக்குத்தான் பதிப்புரிமை. இரண்டையும் ஒப்பிட்டு அரைப்பக்கம் எழுத வைத்தால் ‘கொப்பி அடிச்சது’ என்ற கதை அங்கேயே தீர்ந்துவிடும்.

#5 கண்டாவளை

வாசகி அக்கா காசைச் சொன்னா, நான் தண்ணியைச் சொல்லுறன். வெள்ளக் காட்சியைப் பற்றி எழுதின ஆக்கள் ‘துன்பத்தின் குறியீடு’ எண்டு எழுதுகினம். அது குறியீடாகிறதுக்கு முதல் வடிகால் பிரச்சினை. அதை விளங்கப்படுத்தினால்தான் பிள்ளைகளுக்குக் காட்சி பிடிபடும்.

அந்த வீட்டில் மலசலகூடம் ஏன் திண்ணை மாதிரி உயரத்தில், தலை கூரையில் முட்டுற அளவுக்கு இருக்கு? தெருவில் போற கழிவுக் குழாய் வீட்டுத் தரையை விட மேலே. கழிவு தன்பாட்டில் ஓடவேணுமெண்டால் கோப்பை குழாய்க்கு மேலே இருக்கவேணும். அதால வீட்டிலேயே ஆக உயர்ந்த இடம் கக்கூசாகிப் போச்சு. மழை கூடித் தெருக்குழாய் முட்டினால் தண்ணி வந்த வழியே திரும்பும், கறுப்பாய்ப் பீறிட்டுக்கொண்டு. மகள் கி-ஜொங் மூடியை அமத்தி அதில ஏறியிருந்து சிகரெட் பத்துறது அப்பதான். அந்த நேரத்தில் அந்த வீட்டில் இருக்கக்கூடிய ஒரே இடம் அது. எங்கட பக்கத்தில் மாரியில் நிலத்தடி நீர் ஏறி மலக்குழி பொங்கிக் கிணத்துக்குள் இறங்கிறதும் இதே கணக்கு.

அந்தத் தெருவும் வீடும் உண்மைத் தெரு இல்லை. கோயாங் நகரில் நீர்த்தொட்டி உள்ள கலையகத்துக்குள்ள கட்டி, தண்ணியைத் திறந்து விட்டவை. பார்க் குடும்ப வீடும் கட்டினதுதான். சூரியன் எந்தப் பக்கத்தால வரும் எண்டு பார்த்துத்தான் அந்தப் பெரிய கண்ணாடியையும் முற்றத்தையும் வைச்சவை. நிலக்கீழ் வீட்டுக்கு வெயில் கொஞ்ச நேரம், ஒரு கீலம்தான். வெயிலும் வசதிதான் எண்டதை வசனமில்லாமல் சொல்லியாச்சு.

இன்னொண்டு. 1968 இல வடகொரியக் கொமாண்டோக்கள் சியோலில் சனாதிபதி மாளிகை வரைக்கும் வந்த பிறகு, 1970 இல கட்டடச் சட்டத்தை மாத்தி நிலக்கீழ் அறை வைக்கச் சொன்னது சண்டை வந்தால் ஒளியத்தான். குடியிருக்கிறதுக்கில்லை. சியோலுக்குச் சனம் குவிஞ்சு வீட்டுத் தட்டுப்பாடு வர, 80களில் சட்டத்தைத் தளர்த்தி வாடகைக்கு விட விட்டினம். ஆக, ஏழைக் குடும்பம் இருக்கிறதும் பங்கர், பணக்கார வீட்டுக்கு அடியில் இருக்கிறதும் பங்கர். கட்டின கட்டடக் கலைஞர் தான் பயந்ததைச் சொல்ல வெக்கப்பட்டு வாங்கின ஆக்களுக்கு அதைக் காட்டாமலே போயிட்டார். வன்னியில பனங்குத்தி அடுக்கி, சேலையில் மண்மூட்டை கட்டி பங்கர் போட்ட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் மழைக்கு, தறப்பாளுக்குக் கீழ இருந்த சனத்துக்குத் தெரியும், தண்ணி நிரம்பின பங்கர் ஒண்டுக்கும் உதவாது.

#6 வவுனியா வடக்கு

எல்லாம் சரி. ஆனால் நீங்கள் இருவரும் படத்தைக் காப்பாற்றுகிறீர்கள். குற்றச்சாட்டுக்கு நேராகப் பதில் வரவில்லை.

நியூயோர்க்கர் இதழில் ரிச்சர்ட் பிரொடி இதைப் பெரும்படமென்று ஒத்துக்கொள்ளவில்லை. இடதுசாரிகள் பலரும் இதே கேள்வியைக் கேட்டார்கள். பார்க் குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வருகிறது? தகப்பன் ஒரு தொழில்நுட்ப நிறுவனத் தலைவர் என்பதோடு சரி. அங்கே வேலை செய்பவர்களின் நிலை பற்றி ஒன்றும் இல்லை. சுரண்டல் நடக்கும் இடம் திரைக்கு வெளியே இருக்கிறது. திரையில் நாம் பார்ப்பதெல்லாம் பழைய வேலைக்காரியை இன்னொரு ஏழைக் குடும்பம் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதைத்தான். முடிவில் நடக்கும் கொலைக்குக் காரணம் ஒரு மனிதன் மூக்கைப் பொத்தியது. வர்க்கத்தை மனத்தாங்கலாகச் சுருக்கியது போல் எனக்குத் தெரிகிறது. விருது வாங்கிய படம் என்பதற்காகப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியை மறைக்கக்கூடாது.

#7 நெடுங்கேணி வாசகி

மறைக்கத் தேவையில்லை தம்பி. ஆனால் அந்தச் சுரண்டல் திரையில் இருக்கிறது, நீங்கள் தொழிற்சாலையில் தேடுகிறீர்கள்.

வெள்ளத்துக்கு மறுநாளை எடுங்கோ. கி-தெக் குடும்பம் உடற்பயிற்சி மண்டபத் தரையில் படுத்தெழும்பி, குவித்த உடுப்புக்குள் அளவானதைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வேலைக்கு அழைப்பு வருகிறது, பிறந்தநாள் விருந்துக்கு. காருக்குள் அந்த அம்மா, நேற்றுப் பெய்த மழையால் வானம் துப்புரவாகிவிட்டது, நல்ல மழை என்று யாருக்கோ தொலைபேசியில் சொல்கிறா. சொல்லிக்கொண்டே கார்க் கண்ணாடியை இறக்குகிறா, கார் ஓட்டும் கி-தெக்கின் உடம்பு வாடை தாங்காமல். விருந்தில் கி-தெக் தலையில் இறகு கட்டி நிற்கும்போது வாய் தவறி முதலாளியின் வீட்டு விசயம் ஒன்று கேட்க, பார்க் முகம் மாறி, மேலதிகச் சம்பளம் கொடுக்கிறேன்தானே, இதையும் வேலையென்று நினை என்கிறார். அந்த வசனத்தில் தொழில் உறவு முழுவதும் இருக்கிறது. மேலதிக நேரக் காசு கொடுத்தால் ஆளின் துக்கத்தையும் சேர்த்து வாங்கலாமென்று நினைக்கிறார். மூக்கைப் பொத்தியது அதற்குப் பிறகு, அடியில் ஒளிந்திருந்தவன் இறைச்சி சுடும் கம்பியால் குத்துப்பட்டு விழுந்து கிடக்கும்போது. ஆகவே அது மனத்தாங்கல் மட்டும் இல்லை.

பழைய வேலைக்காரியைத் தள்ளும் பகுதிக்கு வருவோம். பீச் பழத் தோல், ஒவ்வாமை, கடதாசிக் கைக்குட்டையில் காரச்சாறு, காசநோய்ப் பொய். ஜொங் ஜே-இல்லின் பழைய ஐரோப்பிய அரண்மனைச் சங்கீதம் மாதிரியான இசையோடு ஏறத்தாழ ஐந்து நிமிடம் வழுக்கிக்கொண்டு போகும். விமர்சகர்கள் இதைத் தொழில்நுட்ப வித்தை என்று பாராட்டிவிட்டு நின்றுவிட்டார்கள். அந்த ஐந்து நிமிடமும் பார்ப்பவர் ஒரு தொழிலாளிப் பெண்ணின் வேலை பறிபோவதை ரசிக்கிறார். பிறகு அவள் மழைக்குள் வந்து மணி அடிக்கும்போது அந்த ரசிப்புக்கு விலை கேட்கப்படுகிறது. ஏழையை ஏழையோடு மோதவிட்டார் என்றால், மோதவிட்டதில் எங்கள் கையும் இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் மோதவிட்டார்.

#8 வவுனியா வடக்கு

மேலதிகச் சம்பள வசனத்தை ஏற்கிறேன். அது பலமான ஆதாரம். மாற்றத்துக்கு வழி இல்லை என்ற இரண்டாவது குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. கடைசியில் மகன் கடிதம் எழுதுகிறான்: நிறையச் சம்பாதித்து அந்த வீட்டை வாங்குவேன், அப்பா படியேறி வந்தால் போதும் என்று. சராசரிச் சம்பளத்தில் அந்த வீட்டை வாங்க ஐந்நூறு ஆண்டுக்கு மேல் செல்லும் என்று இயக்குநரே கணக்குச் சொன்னார். பிள்ளைகள் கையில் இதைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்?

#9 கண்டாவளை

கணக்குப் போடுவினம். அதுதானே வேணும். அந்தக் கடிதக் காட்சி முடிய கமெரா மேலேயிருந்து கீழே இறங்கி, படம் தொடங்கின அதே யன்னல், அதே காலுறைகளில வந்து நிக்குது. கனவு எண்டு காட்டினதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? வழி காட்டாதது குறை எண்டு எழுதிறவை, பொய் வழி காட்டியிருந்தால் ஏற்றிருப்பினமோ?

#10 படத்தொகுப்பு மேசை

விமர்சனத்துக்கு முதல் படம் ஒழுங்காகத் தெரிய வேண்டும். திரையிடலில் பிழைக்கிற இடங்களைச் சொல்கிறேன்.

படம் 132 நிமிடம், அகலத்திரை, 2.39க்கு 1. பத்தடி அகலத் திரையில் படத்தின் உயரம் ஏறத்தாழ நாலேகால் அடி மட்டுமே, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். தமிழ் வசனவரியை அந்தக் கீழ்ப் பட்டைக்குள் இறக்கி வையுங்கள். படத்தின் மேல் வைத்தால் நிலக்கீழ் வீட்டுக் காட்சிகளில் தரையும் கைகளும் மறையும், இந்தப் படத்தில் முக்கியமானது பாதி அங்கேதான் இருக்கிறது.

வசனவரிக் கோப்பின் வேகமும் படத்தின் வேகமும் ஒன்றா என்று பாருங்கள். விநாடிக்கு 25 சட்டகக் கணக்கில் எழுதிய வரியை 23.976 சட்டகப் படத்துக்குப் போட்டால் தொடக்கத்தில் தெரியாது, போகப்போக வரி முந்தும், முடிவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். தொடக்கத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு விடுவதுதான் வழமையான பிழை. கடைசிக் கடிதக் காட்சியிலும் ஒருமுறை பாருங்கள். எழுத்துகள் பெட்டி பெட்டியாக வந்தால் கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துத் தமிழ் எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

மாரி காலம், தகரக் கூரை மண்டபம் என்றால் வெளி மழையில் படத்து மழை கேட்காது, மெல்லிய உரையாடல் முழுதும் போய்விடும். ஓடு போட்ட மண்டபம் எடுங்கள், யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். கறுப்பு வெள்ளைப் பதிப்பும் இருக்கிறது, 2020 ஜனவரியில் ரொட்டர்டாமில் காட்டினார்கள். முதல் தடவை பார்ப்பவருக்கு அது வேண்டாம். மங்கலான புரொஜெக்டரில் நிலவறைக் காட்சிகள் சேறாகத் தெரியும்.

ஒரு சின்ன விசயம், விமர்சகர்கள் இன்னும் அடிபடுவது: வெள்ளத்துக்குள் அந்த அலங்காரக் கல் மிதந்து மேலே வருகிறது. செல்வம் கொண்டுவரும் என்று பரிசாக வந்த கல். பாரமான கல் மிதக்காது. கல் போலியா, கி-வூவின் மனப்பிரமையா என்பதைப் படம் சொல்லவில்லை. ஆனால் அதே கல்லால் பிறகு மண்டை உடைகிறது. என் எண்ணம் மனப்பிரமை. பிள்ளைகளை வாதாட விடுங்கள்.

#11 முறிகண்டிச் சந்தி

கொரியாவுக்குள் வரவேற்பு எப்படி என்றும் சேர்க்க வேண்டும், மேற்குலகத்தை மட்டும் வைத்து எழுதினால் பாதிதான்.

அங்கே ஒரு கோடிக்கு மேல் நுழைவுச்சீட்டு விற்றது. லீ டொங்-ஜின் என்ற பெயர்பெற்ற விமர்சகர் ஒற்றை வரியில் எழுதிய பாராட்டில் கடினமான சொற்கள் இருந்ததென்று இணையத்தில் பெரிய சண்டை. வர்க்கம் பற்றிய படத்தைப் படித்தவருக்கு மட்டும் விளங்கும் மொழியில் எழுதலாமா என்பதுவரை போனது. விமர்சனம் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு இது தேவை. ஒஸ்காருக்குப் பிறகு சியோல் நகர நிர்வாகம் படப்பிடிப்பு இடங்களைச் சுற்றுலாத் தடமாக்கப் பார்த்தது, ஏழ்மையைக் காட்சிப்பொருள் ஆக்குகிறார்கள் என்று கண்டனம் எழுந்தது. அதே பெப்ரவரியில் 1,500 நிலக்கீழ் வீடுகளைத் திருத்த உதவி அறிவித்தார்கள்.

பிறகு 2022 ஓகஸ்ட். சியோல் வெள்ளத்தில் ஒரு நிலக்கீழ் வீட்டுக்குள் மூன்று பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் அப்படிப்பட்ட வீடுகளைப் படிப்படியாக ஒழிப்பதாக நகரம் அறிவித்தது. படம் வந்து மூன்று ஆண்டு.

#12 கண்டாவளை

அந்தச் சாவு ஏன் நடக்குது எண்டதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம் அண்ணை, பௌதிகம் படிக்கிறவை உதவுவினம். 90 சென்ரிமீற்றர் அகலக் கதவு, வெளியில அரை மீற்றர் தண்ணி. சராசரி அமுக்கத்தைப் பரப்பால பெருக்கினால் ஏறத்தாழ 1,100 நியூட்டன், 110 கிலோ பாரம் கதவில சாய்ஞ்சு நிக்கிற மாதிரி. தண்ணி ஒரு மீற்றராக ஏறினால் இரண்டு மடங்கில்லை, நாலு மடங்கு. கதவு வெளிப்பக்கம் திறக்கிறதெண்டால் ஆளால தள்ள ஏலாது. யன்னலுக்குக் கள்ளருக்குப் பயந்து கம்பி. தண்ணி முழங்காலுக்கு வர முதல் வெளிக்கிடவேணும், பொருளைப் பார்த்துக்கொண்டு நிண்டால் முடிஞ்சுது.

2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கண்டாவளைப் பக்கம் வெள்ளம் ஏறின நேரமும், பிறகு நடந்த வாதம் முழுக்க எத்தனை மணிக்குத் திறந்தது, ஆருக்கு எப்ப அறிவிச்சது எண்டதிலதான். வெள்ளம் எல்லாருக்கும் பொது, அறிவித்தல் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வாறதில்லை. படத்தில அந்த இரவு பணக்காரப் பெடியன் முற்றத்தில கூடாரம் அடிச்சுப் படுக்கிறான், அமெரிக்காவில் இருந்து வரவழைச்ச கூடாரமாம், ஒழுகாதாம்.

#13 குளக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாமென்று நினைக்கிறேன்.

முதல் நாள் படம் மட்டும், குறிப்பெடுக்க விடுவதில்லை. இரண்டாம் நாள் தெரிந்தெடுத்த காட்சிகள்: பீட்சாப் பெட்டி, கடித உறை, பீச் பழம், மலசலகூடம், கார்க் கண்ணாடி, மேலதிகச் சம்பள வசனம், கடிதம். ஒவ்வொன்றுக்கும் தாளில் நாலு நிரல்: யார் மேலே இருக்கிறார், யாருடைய கையில் காசு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் எதைச் சொல்லாமல் விடுகிறார். வவுனியா வடக்குத் தம்பியின் இரண்டு குற்றச்சாட்டையும் அப்படியே எழுதிக் கொடுத்து, ஏற்பதோ மறுப்பதோ ஒரு காட்சியையாவது ஆதாரம் காட்டிச் செய்ய வேண்டுமென்பது ஒரே நிபந்தனை. ‘குறியீடு’ என்று எழுதினால் எதற்கு, எப்படி என்று அடுத்த வரியில் வர வேண்டும். விருது விவரம் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

கதவுக் கணக்குக்குக் கண்டாவளைத் தம்பி நேரில் வந்தால் நல்லது.

#14 வவுனியா வடக்கு

நிரலில் ஐந்தாவதாக ஒன்று சேருங்கள் அண்ணை: இந்தக் காட்சியில் வேலை செய்துகொண்டிருப்பவர் யார்? சட்டகத்தின் ஓரத்தில் எப்போதும் ஒருவர் ஏதாவது தூக்கிக்கொண்டோ துடைத்துக்கொண்டோ நிற்பார். அத்தோடு, முறையான தொழில் ஒப்பந்தத்தோடும் வேலைநேர வரம்போடும் எடுத்த படம் இது, கொரியாவில் வாரத்துக்கு 52 மணிநேர வரம்பு வந்த காலம். வர்க்கம் பற்றிய படத்தின் விமர்சனத்தில் அந்தத் தகவலுக்கு ஒரு வரி கிடைக்க வேண்டும்.

#15 படத்தொகுப்பு மேசை

வசனவரிக் கோப்பைத் திரையிடலுக்கு ஒரு வாரம் முன் அனுப்பி விடுங்கள், தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் நேரம் பார்த்துத் திருப்பித் தருகிறேன். மண்டபத்துக்கு மின்தடை வந்தால் புரொஜெக்டர் விளக்கு ஆறாமல் அணையும், அது பழுதாகும். அதற்கு மட்டுமாவது ஒரு யூபிஎஸ் வையுங்கள்.